ஏற்காட்டுச் சரிவில் ஒரு வீட்டுத் தரை: டைல்ஸ் லெவலிங் கிளிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஏற்காட்டில் சரிவை வெட்டிக் கட்டிய ஒரு வீடு. கீழ்த்தளத்து ஹால் 24 அடிக்கு 16 அடி, மொத்தம் 384 சதுர அடி. அதற்கு 600×1200 மி.மீ. அளவில், 9 மி.மீ. தடிமனில் பளபளப்பான ஜிவிடி (மேலே கண்ணாடிப் பூச்சுள்ள விட்ரிஃபைடு) டைல்ஸ். வெளியே 20 அடிக்கு 8 அடி சிட்-அவுட். மேற்பரப்பைச் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் அங்கே போக வேண்டும். பில்லில் அதன் தடிமன் 18 மி.மீ. இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே வகை லெவலிங் கிளிப்பும் ஆப்பும் வாங்கி வந்திருந்தார்கள். கழுத்தின் கனம் 1 மி.மீ. உள்ள கிளிப்.

ஹாலில் மூன்று வரிசை ஓடியதும் வேலை நின்றது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது நீளப் பக்கத்தின் நடுவில் ஒவ்வொரு டைலும் பக்கத்து டைலின் மூலையைவிடத் தூக்கி நின்றது. வெறுங்காலில் நடந்தால் விரல் தட்டியது. விளிம்போரம் நாணயத்தால் தட்டினால் பல இடங்களில் பொந்துச் சத்தம். கிளிப் போட்டும் இப்படியா என்பதுதான் வீட்டுக்காரரின் கேள்வி. "கிளிப் போட்டா தரை தானா மட்டம் வந்துரும்னு கடையில சொன்னாங்களேங்க" என்றார் மேஸ்திரியிடம். அந்த நம்பிக்கையில்தான் கோளாறு தொடங்குகிறது.

கிளிப்பின் வேலை ஒன்றே ஒன்று. பக்கத்துப் பக்கத்து இரண்டு டைல்களின் விளிம்பை, கீழே உள்ள பசை இறுகும்வரை, ஒரே உயரத்தில் பிடித்து வைத்திருப்பது. அதன் அடித்தகடு டைல்களுக்கு அடியில் போகும், கழுத்து இரண்டு டைலுக்கும் இடையில் நிற்கும், மேலே உள்ள சன்னலில் ஆப்பை நுழைத்து இறுக்குவார்கள்; பசை இறுகிய பின் மேல் பகுதியை உடைத்து எடுப்பார்கள். தளத்தின் மேடு பள்ளத்தை அது திருத்தாது. சூளையிலிருந்து வில்லாக வளைந்து வந்த டைலை நிமிர்த்தாது. தடிமன் மாறும் கல்லையும் சமமாக்காது. இந்த மூன்றையும் தனித்தனியே அளந்து பார்த்த பிறகுதான் எந்தக் கிளிப் என்ற கேள்விக்கே வர முடியும். இந்த வீட்டில் மூன்றுமே இருந்தன.

முதலில் தளம்

10 அடி அலுமினியப் பட்டையைத் தளத்தின் மீது குறுக்கும் நெடுக்கும், மூலைவிட்டமாகவும் வைத்துப் பார்த்ததில் இரண்டு இடங்களில் 9 மி.மீ. பள்ளம். 15 அங்குலத்துக்கு, அதாவது 38 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள டைலுக்குத் தளம் 10 அடியில் 3 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது, 2 அடியில் 1.6 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது என்பது பெரிய டைல் பதிப்பதில் பரவலாகக் கைக்கொள்ளும் அளவு. சின்ன டைல்கள் பள்ளத்தோடு சேர்ந்தே இறங்கிப் போய்விடும். 4 அடி நீள டைல் பாலம் போலக் குறுக்கே நின்றுவிடும். அடியில் எஞ்சும் இடத்தைக் கலவைதான் நிரப்ப வேண்டும்.

அந்த மூன்று வரிசையும் வழக்கமான முறையில் போடப்பட்டவை: 1:6 விகிதத்தில் சிமெண்டும் எம்-சாண்டும் ஈரம் குறைவாகக் கலந்து, 40 மி.மீ. கனத்தில் பரப்பி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் அடித்து இறக்குவது. இரண்டடி டைலுக்கு நல்ல கொத்தனார் இந்த முறையிலேயே அருமையாக மட்டம் கொண்டு வருவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கலவைக்கும் கிளிப்புக்கும் ஒத்துவராது. கிளிப்பின் அடித்தகடு டைலுக்கு அடியில் நுழையும்போது உதிரியான கலவையைக் கிளறிவிடுகிறது. ஆப்பை இறுக்கினால் தாழ்ந்த டைல் மேலே வருகிறது. மேலே வந்ததும் அதன் அடியில் பிடித்திருந்த சிமெண்ட் பால் விட்டுப்போகிறது. பல் கரண்டியால் இழுத்த பசையென்றால் இழுத்த இழுப்புக்கு ஒட்டிக்கொண்டே வரும். உதிரிக் கலவை அப்படி வராது, அங்கே காற்று நிற்கும். விளிம்போரம் கேட்ட பொந்துச் சத்தத்துக்குக் காரணம் இதுதான். மேலே பார்த்தால் மட்டம், கீழே காலி. அந்த இடத்தில் கட்டில் காலோ பீரோ காலோ நின்றால் மூலை தெறிக்கும்.

அதனால் மூன்று வரிசையையும் பெயர்த்தார்கள். கலவையை வழித்தெடுத்து, 1:4 கலவையில் 35 முதல் 40 மி.மீ. கனத்தில் தனியாக மட்டத்தளம் போடப்பட்டது. லேசர் வைத்து, 5 அடிக்கு ஒரு மட்டப்புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி பட்டை இழுத்து முடித்தார்கள். 7 நாள் ஈரம் காத்து, பிறகு மூன்று வாரம் உலர விட்டார்கள். கீழே சேலத்தில் இரண்டு வாரத்தில் உலர்வது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனிக்கு நடுவில், அத்தனை சீக்கிரம் உலராது. இந்தக் காத்திருப்பை யாரும் விரும்புவதில்லை. ஆனாலும் ஈரத்தளத்தின் மேல் ஒட்டிய பெரிய டைல், தளம் சுருங்கும்போது அந்த இழுப்பையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும்.

டைலின் வளைவு

பெட்டியிலிருந்து இரண்டு டைலை எடுத்து, பளபளப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, பக்கவாட்டில் கண் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். இங்கே நடுவில் ஒட்டிக்கொண்டு இரண்டு முனையும் 1.6 மி.மீ. விரிந்தன. ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்த அளவு அது. இரண்டு டைலுக்கும் சேர்த்து 1.6 என்றால் ஒரு டைலின் நடு அதன் முனையைவிட 0.8 மி.மீ. உயரம். இதைக் குறைபாடு என்று கடைக்குத் திருப்ப முடியாது, 1200 மி.மீ. நீளத்துக்குத் தர அனுமதிக்குள் வரும் வளைவுதான். நான்கைந்து பெட்டியிலிருந்து கலந்து எடுத்துப் பார்க்க வேண்டும், ஒரே பெட்டியை நம்பக் கூடாது.

அந்த மூன்று வரிசையும் செங்கல் அடுக்கு முறையில், பாதிக்குப் பாதி தள்ளி வைக்கப்பட்டவை. அப்படி வைத்தால் ஒரு டைலின் மிக உயர்ந்த இடமான நடு, அடுத்த வரிசை டைலின் மிகத் தாழ்ந்த இடமான முனையோடு நேருக்கு நேர் வந்து நிற்கும். 0.8 மி.மீ. முழுவதும் விளிம்பில் தெரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது என்று 38 செ.மீ.க்கு மேற்பட்ட டைலுக்குப் பொதுவாகச் சொல்வதுண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் பெரிதாகக் காப்பாற்றாது. வளைவைச் சீரான வில் என்று கொண்டால், மூன்றில் ஒரு பங்கு தள்ளும்போது வித்தியாசம் 0.71 மி.மீ. கால் பங்கு தள்ளினால் 0.6. ஆறில் ஒரு பங்கு என்றால்தான் 0.44க்கு இறங்குகிறது. தள்ளாமல் நேருக்கு நேர் வைத்தால் முனைக்கு முனை, நடுவுக்கு நடு என்று அமைந்து வித்தியாசமே இல்லாமல் போகிறது.

கிளிப்பை நன்றாக இறுக்கி இந்த 0.8ஐ அமுக்கிவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் அமுங்கும். ஆனால் அமுக்கிய டைல் ஸ்பிரிங் மாதிரி. கிளிப்பை உடைத்ததும் பழைய வடிவத்துக்குப் போகப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஒரு நாள் வயதான பசை. பசை தோற்றால் முனையில் பொந்து; ஜெயித்தாலும் அந்த இழுவிசை அங்கேயே நிரந்தரமாக இருக்கும். ஆகவே இந்த ஹாலுக்கு நேர் அடுக்குதான் என்று முடிவானது. செங்கல் அடுக்குத்தான் வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் ஆசைப்பட்டார்கள், வளைவு 0.3 மி.மீ.க்குள் இருந்திருந்தால் தாராளமாகச் செய்திருக்கலாம்.

எந்த வகை

சந்தையில் நான்கு வகை கிடைக்கிறது. நடைமுறையில் மூன்றைத்தான் ஒப்பிட வேண்டும். வார்ப்பட்டை மாதிரி இழுத்து இறுக்கும் வகை நம் பக்கத்துக் கடைகளில் அரிது.

அதிகம் விற்பது கிளிப்பும் ஆப்பும். கிளிப் ஒரு முறைக்கு, ஆப்பு பல முறைக்கு. கழுத்தின் கனம் 1, 1.5, 2, 3 மி.மீ. என வரும். சாதாரணக் கிளிப்பின் சன்னல் 3 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள டைலுக்கானது. 20 மி.மீ. கல்லுக்கு உயரமான கிளிப் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு டைல் துண்டை வைத்துப் பாருங்கள்: ஆப்பு அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுழைந்ததும் பிடிக்கத் தொடங்க வேண்டும், முழுக்க இறுகிய பிறகும் பின்னால் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். தலை முட்டி நின்றுவிட்டால் அந்த டைலுக்கு அந்தக் கிளிப் ஆகாது. பசையின் கனத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அடித்தகடு டைலின் அடியோடு ஒட்டித்தான் நிற்கும். அடித்தகட்டில் துளைகள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துளை வழியாகப் பசை ஏறினால்தான் தகடு இருக்கும் இடத்திலும் டைல் ஒட்டும்.

இரண்டாவது, திருகு மூடி வகை. மரையுள்ள தண்டு, அதன் மேல் கையால் திருகும் மூடி. மெதுவான வேலை. ஆனால் எவ்வளவு இறுகுகிறது என்பது கைக்குத் தெரியும். தண்டின் உயரம் அதிகம் என்பதால் தடிமனான கல்லுக்கு இதுதான் சௌகரியம். பளபளப்பான கல்லில் மூடி சுற்றும்போது கோடு விழும், அதற்கென்றே வரும் வழுக்கு வளையத்தை அடியில் போட வேண்டும். மரையில் பசை காய்ந்தால் மூடி பாழ். அன்றன்றே கழுவ வேண்டும்.

மூன்றாவது, டி வடிவ எஃகு ஊசி. டைல் வைத்த பிறகு மேலிருந்தே இடைவெளியில் இறக்கி, 90 டிகிரி திருப்பி, சாவியால் இறுக்குவது. மறுபடி மறுபடி பயன்படும் என்பதால் செலவு குறைவு. டைல் வைத்த பின் இறக்கலாம் என்பதால் உதிரிக் கலவையில் வேலை செய்பவர்களுக்கு இது பிடித்திருக்கிறது. குறைகள் இரண்டு. டைலைக் கீழிருந்து தாங்குவது ஊசியின் சிறிய குறுக்குத் தலை மட்டுமே. அத்தனை அழுத்தமும் விளிம்பின் ஒரு புள்ளியில் விழும். அடுத்தது, பசை அரைகுறையாக இறுகியிருக்கும் சரியான வேளையில் திருப்பி உருவ வேண்டும். முந்தினால் டைல் அசையும். பிந்தினால் தலை பசைக்குள் சிறைப்பட்டு, உருவும்போது பளபளப்பான விளிம்பில் சில்லு தெறிக்கும். ஏற்காட்டில் காலை ஒரு வெப்பம், மாலை ஒரு வெப்பம் என்பதால் அந்த வேளையைக் கணிப்பதும் கடினம். 9 மி.மீ. பளபளப்பு டைலுக்கு இதை வேண்டாம் என்று ஒதுக்கியது சரியான முடிவு.

ஹாலுக்கு 2 மி.மீ. கிளிப்பும் ஆப்பும், இறுக்க ஒரு பிளையர். 1 மி.மீ. ஏன் கூடாது? கழுத்து மெலிவாக இருப்பதால் இறுக்கும்போதே பட்டென்று அறுகிறது. அறுந்த கிளிப்பை எடுக்க டைலைத் தூக்க வேண்டும். வெட்டிச் சீராக்கிய விளிம்புள்ள டைலிலும் நீளத்தில் சிறு வித்தியாசம் உண்டு, 24 அடி ஓட்டத்தில் 1 மி.மீ. இடைவெளி அதை விழுங்காது, கோடு கோணும். இடைவெளியை நிரப்பும் குரவுட் கலவையும் அடிவரை இறங்காது. 3 மி.மீ. இன்னும் நல்லது, வீட்டுக்காரர் கண்ணுக்குக் கோடு தடிப்பாகத் தெரிந்ததால் 2. கிளிப்பின் கழுத்தே ஸ்பேசராக (இடைவெளி அளவைக் காக்கும் துண்டாக) ஆகிவிடும் என்று விட்டுவிடாமல் நான்கு மூலை சந்திப்பிலும் 2 மி.மீ. ஸ்பேசர் தனியாக வைத்தார்கள். கிளிப் உயரத்தைப் பிடிக்கும், கோட்டின் நேரைப் பிடிப்பது ஸ்பேசரும் நூலும்தான்.

குளியலறைச் சுவரின் 300×600 செராமிக் டைலுக்குக் கிளிப்பே வாங்கவில்லை. வளைவும் எடையும் அவ்வளவு இல்லாத டைலுக்கு ஸ்பேசரும் ரசமட்டமும் போதும்.

எத்தனை வாங்க வேண்டும்

384 சதுர அடி என்பது 35.7 சதுர மீட்டர். ஒரு டைல் 0.72 சதுர மீட்டர். ஆக 50 டைல். வெட்டுக்கும் சேதத்துக்கும் பத்து சதவீதம் சேர்த்து 55. பெட்டிக்கு இரண்டு என்பதால் 28 பெட்டி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் லாரியில் பெட்டிகளைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்ட வேண்டும். குறைந்துபோனால் மறுபடி மலை இறங்கி வாங்குவது ஒரு பக்கம், அதே பேட்ச், அதே நிறம் கிடைக்குமா என்பது இன்னொரு பக்கம்.

விளிம்பு இரண்டு டைலுக்குப் பொது என்பதால், கிளிப் கணக்கில் ஒரு டைலுக்கு ஒரு நீளப் பக்கமும் ஒரு அகலப் பக்கமும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நீளப் பக்கத்தில் 4: மூலையிலிருந்து 6 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று, இடையில் சம தூரத்தில் இரண்டு. அகலப் பக்கத்தில் 3. ஆக டைலுக்கு 7, 50 டைலுக்கு 350. அறுந்து போவதற்கும் சேர்த்து 400 வாங்கினால் போதும். இதே கணக்கில் 600×600 டைலுக்குப் பக்கத்துக்கு 2 வீதம் 4 கிளிப், நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 103. ஹாலின் டைலுக்கு நூறு சதுர அடிக்கு 90.

ஆப்புக் கணக்கில்தான் மலை வித்தியாசம் காட்டுகிறது. ஒரு நாளைக்கு 16 டைல் ஓடினால் 112 ஆப்பு. சேலத்தில் 24 மணி நேரத்தில் கழற்றிவிடலாம், இரண்டு நாளுக்கானது கையில் இருந்தால் சுழற்சி நிற்காது. இங்கே டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் கடுமை. பசைப் பையில் அச்சிட்ட நேரமெல்லாம் 23 டிகிரி வாக்கில் அளந்தவை. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் சிமெண்ட் இறுக ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகும். 48 மணி நேரம் விட வேண்டியிருந்ததால் மூன்று நாள் ஆப்பு, 336, ஒரே சமயத்தில் தரையில் மாட்டிக்கொண்டது. 200 ஆப்போடு மலையேறியிருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கும். அல்லது, அதைவிட மோசமாக, முந்திக் கழற்றியிருப்பார்கள்.

பசை சி2டிஇ எஸ்1 வகை. சி என்பது சிமெண்ட் பசை, 2 கூடுதல் ஒட்டுத்திறன், டி சரியாமை, இ பரப்பிய பிறகும் நீடிக்கும் ஒட்டுநேரம், எஸ்1 கொஞ்சம் வளைந்து கொடுப்பது. 10 மி.மீ. பல் கரண்டியால் இழுத்து, டைல் அமுங்கிய பின் 5 முதல் 6 மி.மீ. கனம் நிற்க, டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சு கொடுக்க, 20 கிலோ பை 16 முதல் 17 ஆகும். பை மேல் ஐம்பது சதுர அடி வரும் என்று போட்டிருப்பது 3 மி.மீ. கனத்துக்கு. பெரிய டைலுக்கு அந்தக் கணக்கை நம்பினால் பாதியில் பசை தீரும்.

பதிக்கும் கை வரிசை

பசையை டைலின் குறுகிய பக்கத்துக்கு இணையாக, நேர் கோடாக இழுக்க வேண்டும். வட்டம் வட்டமாக இழுத்தால் காற்று வெளியேற வழியில்லை. ஒரு டைல் அளவுக்கு மேல் முன்கூட்டிப் பரப்ப வேண்டாம். கீழே சேலத்தில் மே மாதத்து மதியத்தில் பசை மேல் தோல் கட்டுவது கண் முன்னே நடக்கும். விரலால் தொட்டால் ஒட்டவில்லையென்றால் வழித்தெறிந்துவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். ஏற்காட்டில் அந்த அவசரம் இல்லை, ஆனால் ஜன்னல் வழி வரும் காற்றுக்கும் தோல் கட்டும்.

டைலை வைத்து, பசைக் கோட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் அசைத்து அமுக்கி, முதலில் ரசமட்டத்தில் கொண்டுவர வேண்டும். கிளிப் அதற்குப் பிறகுதான். கிளிப் நுழையும் இடத்தில் விளிம்பில் பிதுங்கிய பசையைக் கரண்டி நுனியால் ஒரு விரல் அகலம் வழித்துவிட்டு, அடித்தகட்டை முழுக்க உள்ளே தள்ள வேண்டும். இந்த வழிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுத்தைச் சுற்றிப் பசை இறுகினால் கிளிப் உடைய வேண்டிய இடத்தில் உடையாமல் மேலே உடைந்து, கோட்டுக்குள் முளைக்குச்சி மாதிரி நிற்கும். பிறகு அடுத்த டைலை வைத்து, அதையும் தனியே அமுக்கி, விளிம்பு வித்தியாசம் 1 மி.மீ.க்குள் வந்த பின் ஆப்பு. கையால் நுழைத்து, பிளையரால் ஒரே பிடி. கிளிப் கழுத்து வெளிறத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். 3 மி.மீ. வித்தியாசத்தை ஆப்பால் இழுக்கப் பார்ப்பவர் டைலைத் தூக்கிப் பசை சேர்ப்பதுதான் நியாயம்.

ஐந்தாறு டைலுக்கு ஒரு முறை, ஆப்பு போடும் முன், ஒன்றைத் தூக்கி முதுகைப் பார்த்தார்கள். உள்ளே 80 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும். நனையும் இடத்திலும் வெளியிலும் 95. மூலை நான்கும் கட்டாயம் நிறைந்திருக்க வேண்டும். சுவரோரம் சுற்றிலும் 8 மி.மீ. காலி இடம் விட்டு ஸ்கர்டிங்கால் மறைத்தார்கள். ஹாலின் 24 அடி, உள்தரையில் நடுவில் அசைவு இடைவெளி (தரை விரியவும் சுருங்கவும் விடும் சந்து) இல்லாமல் ஓடக்கூடிய 25 அடி எல்லைக்குள் இருந்ததால் வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை.

கிரானைட்டில் கிளிப் ஏன் தோற்கும்

சிட்-அவுட்டில் விஷயமே வேறு. கற்களை வெர்னியர் வைத்து நான்கு பக்கமும் அளந்தபோது 16.5 முதல் 19.5 மி.மீ. வரை வந்தது. அறுப்பில் வரும் வித்தியாசம் ஒரு பக்கம், சுடும்போது மேல் தோல் உதிர்வது சீராக இல்லாதது மறுபக்கம்.

கிளிப் எப்படிப் பிடிக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் இங்கே என்ன நடக்கும் என்பது விளங்கும். அடித்தகடு கீழிருந்து மேலே அழுத்துகிறது, ஆப்போ மூடியோ மேலிருந்து கீழே அழுத்துகிறது. இரண்டு கல்லும் ஒரே தடிமனென்றால் இரண்டும் நடுவில் இறுகும், மேல் மட்டம் சமமாகும். ஒன்று 19.5, பக்கத்துக் கல் 16.5 என்றால் அடித்தகடு தடித்த கல்லின் அடியைத்தான் தொடும். மெலிந்த கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே 3 மி.மீ. சந்து. அந்தக் கல்லைக் கீழிருந்து தாங்குவது பசை மட்டுமே. மேலிருந்து அழுத்தம் வரும்போது அது அந்த 3 மி.மீ. வரை இறங்கலாம், எவ்வளவு இறங்கும் என்று கிளிப்புக்குத் தெரியாது. ஆகத் தடிமன் மாறும் கல்லில் லெவலிங் கிளிப் மட்டத்தைக் காப்பதற்குப் பதில் சில சமயம் கெடுத்தே விடும். டைலுக்குச் சொன்ன அதே வாக்கியத்தைக் கல்லுக்கும் சொல்லி விற்பது இதனால்தான் ஆபத்து.

ஒரே தடிமனுக்கு இழைத்த கல்லாக வாங்குவது சுத்தமான வழி. வாங்கி இறக்கிய கல்லை வைத்துக்கொண்டு இங்கே செய்தது தரம் பிரிப்பு. 18.5க்கு மேல் ஒரு குவியல், 17.5 முதல் 18.5 வரை ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. ஒவ்வொரு கல்லின் முதுகிலும் மார்க்கரால் தடிமனை எழுதி, குவியலுக்குள்ளும் அடுத்தடுத்த கற்களின் வித்தியாசம் அரை மி.மீ.க்குள் வரும்படி வரிசைப்படுத்தினார்கள். வெயிலும் மழையும் படும் தரையில் 8 முதல் 12 அடிக்கு ஒரு அசைவு இடைவெளி விட வேண்டும் என்பதால் 20 அடி எப்படியும் நடுவில் பிரிய வேண்டியதுதான். அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம் தடித்த குவியல், அந்தப் பக்கம் நடுக் குவியல். இரண்டு குவியலும் சந்திக்கும் கோட்டில் கிளிப்பே போடவில்லை. நூலும் மட்டப்பட்டையும் வைத்துக் கையால் மட்டம் பிடித்து, பின்பு சீலண்ட் நிரப்பினார்கள். மெலிந்த குவியல் படிக்கட்டுக்கும் ஓரத் துண்டுகளுக்கும் போனது.

இங்கே தேர்ந்தெடுத்தது உயரத் தண்டுள்ள திருகு மூடி வகை. சொரசொரப்பான மேற்பரப்பில் ஆப்பு சீராக நகராது, மேட்டில் முட்டி நிற்கும். மூடி அகலமாக உட்கார்ந்துகொள்ளும். கோடு 4 மி.மீ., அதற்குத் தனி ஸ்பேசர். மழைத்தண்ணீர் ஓட 80க்கு 1 வாட்டம்: 8 அடிக்கு 30 மி.மீ. இந்த வாட்டத்தை அடித்தளத்திலேயே கொடுத்து, நீர்த்தடுப்புப் பூச்சும் முடித்த பிறகே கல் வந்தது. வாட்டமான தரையிலும் லெவலிங் வகைகள் வேலை செய்யும், ஏனென்றால் அவை பக்கத்துக் கல்லோடுதான் சமன் பார்க்கின்றன. இரண்டு வாட்டம் சந்திக்கும் மடிப்பில் மட்டும் போடக் கூடாது, மடிப்பையே நிமிர்த்தப் பார்க்கும்.

சொரசொரப்பான கல்லில் எவ்வளவு ஏற்ற இறக்கம் ஏற்கலாம் என்ற கேள்வி வந்தது. 6 மி.மீ.க்குக் குறைந்த கோட்டுக்கு 0.8 மி.மீ., அதோடு டைலின் சொந்த வளைவு என்பது டைல் பதிப்பதற்கான அமெரிக்க ஏ108 விதியின் அளவு. ஹாலுக்கு அதை வைத்துப் பார்த்தார்கள். சுட்ட கிரானைட்டின் மேற்பரப்பே மேடு பள்ளமாக இருப்பதால், அங்கே ஒற்றைப் புள்ளியில் தகடு நுழைத்து அளப்பதில் பொருளில்லை. கோட்டின் குறுக்கே 30 செ.மீ. பட்டை வைத்து ஆடுகிறதா என்று பார்ப்பதே சரி.

உடைப்பதும் குரவுட்டும்

கிளிப்பைக் கோட்டின் திசையிலேயே ரப்பர் சுத்தியலால் தட்டியோ, ஷூ காலால் உதைத்தோ உடைக்க வேண்டும். குறுக்கே தட்டினால் கழுத்து நெம்புகோலாகி டைலின் விளிம்பைத் தெறிக்க வைக்கும். பளபளப்பு டைலில் அந்தச் சில்லை எதைப் பூசியும் மறைக்க முடியாது. முதலில் ஒரு மூலையில் இரண்டு கிளிப்பை உடைத்துப் பார்த்து, கழுத்து சுத்தமாக அடியில் அறுந்து, டைலைத் தட்டினால் கெட்டிச் சத்தம் வந்த பிறகே மற்றவை. ஹாலில் கதவோரம் இரண்டு கிளிப் மேலேயே உடைந்து நின்றன. அவற்றை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டாமல், கூரான கட்டர் பிளேடால் டைல் மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே வரும்படி சீவி எடுத்தார்கள். குரவுட் நிற்க அந்த ஆழம் வேண்டும். பிளாஸ்டிக் மேலே இருந்தால் அதன் மேல் படிந்த குரவுட் சில மாதங்களில் பெயர்ந்து, கோட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கிளிப் உடைத்த அன்றே குரவுட் போட வேண்டாம். கோடு திறந்திருந்தால்தான் பசையின் ஈரம் வெளியேறும், மலைக் குளிரில் இன்னும் ஒரு நாள் சேர்த்து விடலாம். கோட்டைத் தூரிகையால் தள்ளி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, ஒவ்வொரு டைலின் நான்கு மூலையையும் நாணயத்தால் தட்டிக் கேட்டு, சந்தேகமான டைலில் பென்சில் குறி போட வேண்டும். மாற்றுவதென்றால் இந்தக் கட்டத்தில் ஒரு டைலோடு போகும்; குரவுட் இறங்கிய பிறகு அதை எடுக்க இயந்திரத்தால் கோட்டை அறுக்க வேண்டும், பக்கத்து நான்கு டைலின் விளிம்புக்கும் அது ஆபத்து. இந்த ஹாலில் குறி விழுந்தது ஒரே டைலில், கிளிப் பாதியில் அறுந்தும் தூக்கிப் பார்க்காமல் விட்ட இடத்தில். அதை எடுத்துப் பார்த்தபோது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பசையின் பல் வரிகள் அமுங்காமல் அப்படியே நின்றிருந்தன. புதுப் பசை இட்டு, பெட்டியில் மீந்த டைலைப் பதித்து, 48 மணி நேரம் கழித்தே ஹால் முழுவதற்கும் குரவுட் போட்டார்கள்.